வைகாசியில் ஒரு விதைக் கைமாற்று



திருவண்ணாமலையில் வசந்தம் என்றதும் சித்திரை மாத வசந்த உற்சவம்தான் நினைவுக்கு வரும். தல விருட்சமான மகிழ மரத்தருகே சுவாமி வலம் வருவார். பொம்மை ஒன்று அவர்மேல் பூ தூவும். அதைப் பார்க்கவே குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் நிற்கும். கடைசி நாள் மன்மத தகனம். கோயிலுக்குள் இப்படி வசந்தம் நடக்க, வெளியே கத்திரி வெயில் நெருங்கிக்கொண்டிருக்கும். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் பச்சை வலையைக் கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, இருக்கிற செடியைக் காப்பாற்றினால் போதும் என்று இருப்பார்கள். அந்த நேரத்தில் புதுச் செடி நடுகிற பேச்சை யாரும் எடுப்பதில்லை.

பனி பெய்யும் நாடுகளில் கதையே வேறு. அங்கே குளிர்காலம் முழுக்க மண் உறைந்து கிடக்கும். பனி உருகுவதற்கு முன்பே தோட்டக்காரர்கள் ஓரிடத்தில் கூடி, வீட்டில் எடுத்து வைத்த விதைகளை மாற்றிக்கொள்வார்கள். கனடாவின் வான்கூவரில் 1990-இல் 'சீடி சாட்டர்டே' என்ற பெயரில் தொடங்கிய விதைச் சனிக்கிழமை, பிறகு அந்த நாட்டின் பல ஊர்களுக்கும் பரவியது.

நம் ஊரில் இந்தக் கூடலுக்கு எது நேரம்? ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனி, ஆடியில் சாயங்கால இடிமழை தொடங்கும். ஆவணி, புரட்டாசியில் வலுக்கும். அந்த ஈரத்தில்தான் அவரையும் சுரையும் பீர்க்கனும் பந்தலைப் பிடித்து ஏறும். ஆடியில் விதைக்க வேண்டுமென்றால் வைகாசியிலேயே விதை கைக்கு வந்திருக்க வேண்டும். அதனால்தான் இந்த மாதத்தில் இதைப் பற்றிப் பேச வந்தேன்.

விதையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள நல்ல வழி, அதை நாலு பேருக்குக் கொடுத்துவிடுவது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். தோட்டம் போட்டவர்களுக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருக்கிற ரகம் ஒரு வருஷத்து வண்டுக்கும் ஒரு மழைக்கும் தாங்காது. நம் ஊரில் குரங்கு வேறு. அவரைப் பந்தலில் விதைக்கென்று விட்டு வைத்த முற்றிய காயை ஒரே காலையில் பிய்த்துப் போட்டுவிட்டுப் போய்விடும். அதே அவரை மூன்றாவது தெருவில் ஒரு வீட்டிலும் பக்கத்து ஊரான வேங்கிக்காலில் ஒரு வீட்டிலும் ஏறிக்கொண்டிருந்தால் கவலையில்லை. போய், "ஒரு பிடி கொடுங்கக்கா" என்று கேட்டு வாங்கி வந்துவிடலாம்.

தமிழ்நாட்டில் இதை ஒரு பெரிய முறையாகவே நடத்திக் காட்டியவர் நெல் ஜெயராமன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரோடு சேர்ந்து உழைத்தவர். 2006-இல் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவைத் தொடங்கினார். அங்கே வரும் விவசாயிக்குப் பாரம்பரிய நெல் 2 கிலோ கையில் கொடுப்பார்கள். அறுவடை முடிந்து அடுத்த திருவிழாவுக்கு வரும்போது அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காசு கிடையாது. அந்த 4 கிலோ அடுத்த இரண்டு பேருக்குப் போகும். இந்தக் கணக்கில்தான் காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் மறுபடி வயலுக்கு வந்தன. 2018 டிசம்பரில் ஜெயராமன் மறைந்தபோது 170-க்கும் மேற்பட்ட நெல் ரகங்கள் இப்படி மீட்கப்பட்டிருந்தன. அவர் பெயரில் மரபு நெல் பாதுகாப்புக்காக ஓர் இயக்கத்தைத் தமிழக அரசும் பின்னர் அறிவித்தது. எனக்கு அந்த 4 கிலோதான் முக்கியமாகப் படுகிறது. சும்மா கொடுத்திருந்தால் பாதிப் பேர் வாங்கிப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டிருப்பார்கள். திருப்பித் தர வேண்டும் என்றதால்தான் விதைத்தார்கள்.

நெல்லுக்குச் செய்ததைக் காய்கறிக்கும் பூச்செடிக்கும் நாம் செய்யலாம். தமிழ்நாட்டு விதைத் திருவிழாக்களுக்குப் போயிருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். செய்தித்தாளில் மடித்த பொட்டலங்கள், தீப்பெட்டிகள், மருந்து டப்பாக்கள். மேலே பேனாவால் யானைத்தந்த வெண்டை, சிறகவரை, தம்பட்டை அவரை, மூக்குத்தி அவரை என்று எழுதியிருக்கும். இந்த மூக்குத்தி அவரை உண்மையில் அவரையே இல்லை. ஒரு கொடியின் பூக்காம்புதான் தடித்துக் காயாகச் சமையலுக்கு வருகிறது. வேலித் தாளிப்பூவின் குடும்பம் அது. கடையில் அதை நீங்கள் பார்ப்பது அரிது. கைக்குக் கை மாறித்தான் பிழைத்திருக்கிறது. பக்கத்து வேலூர் மாவட்டத்தின் இலவம்பாடி முள்ளுக் கத்தரியும் விவசாயிகளே விதை எடுத்துக் காப்பாற்றி வந்த ரகம்தான். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது.

விதை எடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். கத்தரிக்காயைச் செடியிலேயே விட்டு மஞ்சளாகப் பழுக்க வைக்க வேண்டும். பிழிந்து கழுவினால் நல்ல விதை தண்ணீரில் அடியில் நிற்கும். அதைச் சாம்பலில் புரட்டி நிழலில் காய வைத்தால் போதும். அவரையும் தக்காளியும் பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறும், தொந்தரவில்லை. சுரைக்காய் அப்படியில்லை. பக்கத்து வீட்டில் குடுவைச் சுரையும் உங்கள் வீட்டில் நீட்டுச் சுரையும் இருந்தால் அந்துப்பூச்சி இரண்டையும் கலந்துவிடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சுரைப்பூ சாயங்காலத்தில்தான் விரியும். விரிவதற்கு முன் அன்றைக்கு மலரப்போகிற பெண் மொட்டு ஒன்றையும் ஆண் மொட்டு ஒன்றையும் நூலால் கட்டி வையுங்கள். பெண் பூவை அடையாளம் கண்டுகொள்வது சுலபம்; பின்னால் ரோமம் அடர்ந்த ஒரு குட்டிச் சுரை இருக்கும். இருட்டத் தொடங்கும்போது கட்டை அவிழ்த்து, ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். காம்பில் ஒரு சிவப்பு நூல். அந்தக் காய் மட்டும் விதைக்கு. கொடியிலேயே காய்ந்து, பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும்வரை தொடக்கூடாது.

கடையில் வாங்கிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதையைக் கூடலுக்குக் கொண்டுவர வேண்டாம். அடுத்த தலைமுறை அப்படியே வராது. வாங்கிப் போனவர் ஏமாந்துபோவார்.

செடியாக மாற்றிக்கொள்வதில் எனக்கு ஒரு பயம் உண்டு. முருங்கைப் போத்து, செம்பருத்திக் குச்சி, மல்லிகைப் பதியன், கறிவேப்பிலைப் பக்கக் கன்று இவற்றை வழக்கமாக விதையாகக் கொடுப்பதில்லை. செடியாகத்தான் கைமாறும். ஆனால் செடியோடு பூச்சியும் வரும். 2008-இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை நினைத்துப் பாருங்கள். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது; வீட்டுச் செம்பருத்தியும் தப்பவில்லை. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து வயல்களில் விட்ட பிறகுதான் அடங்கியது. ஆகவே வாங்கி வந்த செடியை இரண்டு வாரம் மற்ற செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் தினம் புரட்டிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி எதுவும் தெரியாவிட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

விதையைக் கொடுத்தால் சட்டப்படி குற்றமாகுமா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புக்கென்று 2001-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இருக்கிறது. அதன் 39-ஆம் பிரிவு, தன் விளைச்சலில் எடுத்த விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்கக்கூட விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை ஒரு முத்திரைப் பெயரிட்டு விற்பதற்குத்தான் தடை. இப்படி ஒரு சட்டம் நம் நாட்டில் இருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

திருவண்ணாமலைக்கு நாற்று வளர்ப்பது புதிதில்லை. மலை மொட்டையாகக் கிடந்த 1980-களின் கடைசியில், ஆஸ்திரேலியச் சூழலியலாளர் ஜான் சீட்டின் ஆதரவோடு இங்கே மரம் நடத் தொடங்கினார்கள். கோயிலின் உள் மதிலுக்கும் வெளி மதிலுக்கும் நடுவில் கிடந்த தரிசுதான் அந்த வேலைக்கு நாற்றங்காலாயிற்று என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு தி ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை போன்றவர்கள் மலைக்குரிய நாட்டு மரங்களாகவே தேர்ந்து நட்டார்கள். இன்று கிரிவலம் போகிறவர்கள் பார்க்கிற பச்சைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கைகள் இருக்கின்றன. காட்டுக்கு அத்தனை பேர் சேர முடிந்தபோது, அடுக்களைக் காய்க்கு ஒரு தெருவில் இருபது பேர் சேர முடியாதா?

கூடுவதற்குப் பெரிய மண்டபம் வேண்டியதில்லை. பள்ளி திறக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள், ஒரு வேப்ப மரத்தடி போதும். அதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து முளைக்கிறதா பாருங்கள். ஆடியில் அம்மனுக்கு எடுக்கும் முளைப்பாரியையும் விதைச் சோதனை என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். பத்தில் ஏழாவது முளைத்தால் கொண்டு வாருங்கள். பொட்டலத்தின்மேல் காயின் பெயர், எந்த ஊர் விதை, எந்த மாதம் எடுத்தது, கொடியா செடியா என்று எழுதுங்கள். வாங்குகிறவர் பெயரை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிடி வாங்கியவர் அடுத்த வைகாசியில் இரண்டு பிடியாகத் தர வேண்டும். விதை தவறிப்போனால் வந்து சொல்லட்டும். மறுபடி ஒரு பிடி கொடுங்கள்.