பாலைவனப் பூங்காவில் நடைத்தடங்கள்
(மாணவர்களும் அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

பாலைவனம் என்றதும் மணற்குன்றுகளே மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயினும், ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள பாலைவன தேசியப் பூங்காவில் மணற்குன்றுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. எஞ்சியவை பாறைத் தரையும், உப்புப் படுகையும், புல்வெளியுமாகும். 1980-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட இப்பூங்காவில் பல கிராமங்களும் அடங்கியுள்ளன. அவற்றின் மக்கள் ஆடு மாடுகளையும் ஒட்டகங்களையும் மேய்த்து வாழ்பவர்கள்.

இந்நிலத்தில் பயணிகள் நடந்து செல்லத் தடங்கள் அமைப்பது பயனுள்ளதா என்ற கேள்வி எழுகிறது. முறையாக அமைத்தால் பயனுண்டு. முறை தவறினால் ஈடு செய்ய இயலாத இழப்பு நேரும்.

காரணம் வெளிப்படை. இப்பூங்காவின் புல்வெளியே கானமயிலின் முக்கியமான புகலிடம். நாட்டில் இப்பறவைகள் 150 அளவே எஞ்சியுள்ளதாக 2018-ஆம் ஆண்டளவில் மதிப்பிடப்பட்டது. கானமயில் கூடு கட்டுவதில்லை. பெரும்பாலும் ஒரேயொரு முட்டையை வெறுந்தரையில் இடுகிறது. பெட்டை மட்டுமே அடைகாக்கிறது. மனிதர் நெருங்கினால் பெட்டை எழுந்து விலகும். அவ்வேளையில் நரியோ நாயோ முட்டையைக் கவர்ந்து செல்லும். தரையின் நிலையும் இத்தகையதே. சேவண் புல்லின் வேர்கள் மணலைக் கட்டி நிறுத்துகின்றன. ஊர்தியின் சக்கரங்கள் அப்புல்லை நசுக்கினால், காற்று மணலை அள்ளிச் செல்கிறது. மழை அரிதான இடத்தில் அக்காயம் எளிதில் ஆறுவதில்லை.

எனவே நடைத்தடத்தின் முதற்பணி வழிகாட்டுவதன்று, எல்லை வகுப்பதே. கல் அடையாளமிட்ட ஒற்றையடிப் பாதை ஒன்றிருந்தால், பரந்த வெளியில் சிதறும் காலடிகள் ஒரே கோட்டில் அடங்குகின்றன. பயணிகள் வரும் குளிர்காலமும், இப்பறவை பெரும்பாலும் இனம்பெருக்கும் கோடை, மழைக் காலங்களும் வேறுபட்டிருப்பது நல்வாய்ப்பாகும். குளிர்காலத்தில் மட்டும் தடங்களைத் திறந்து, வேலியிட்ட புல்வெளிகளை ஆண்டு முழுவதும் விலக்கி வைத்தல் வேண்டும்.

பயணிகளின் எண்ணிக்கையை வரையறுக்கவும் வழியுண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்திற்குள் சுற்றுலாவுக்காக நுழைய அனுமதி பெறவேண்டும், கட்டணமும் செலுத்தவேண்டும். அனுமதிச் சீட்டுகளுக்கு நாள்தோறும் ஓர் உச்ச வரம்பு விதிப்பது நிர்வாகத்தின் கையில் உள்ளது.

இறுதியாக, பொருளாதாரக் கணக்கும் உண்டு. தார்ச் சாலைக்கும் விடுதிக்கும் ஆகும் செலவு ஒற்றையடிப் பாதைக்கு ஆவதில்லை. அதன் பெரும்பகுதி வழித்துணைவரின் கூலியே. எந்தக் கிணற்றில் நீருண்டு, எந்த மேட்டில் மான் நிற்கும் என்பதை மேய்ப்பவரே அறிவார். அக்கூலி அவரையே சேரவேண்டும். பூங்காவினால் மேய்ச்சலில் கட்டுப்பாட்டை ஏற்றவருக்கு, அதே பூங்காவினால் வருவாயும் கிட்டுவதே நியாயம். அவ்வாறாயின், புல்வெளியில் தடம் மாறிச் செல்லும் ஊர்தியை முதலில் தடுத்து நிறுத்துபவர் வனக்காவலராக இரார். அவ்வூர் மேய்ப்பராகவே இருப்பார். தடம் அமைக்கும் திட்டத்தின் வெற்றியை வந்துபோன பயணிகளின் எண்ணிக்கையால் அளத்தல் பொருந்தாது. தரையில் குலையாமல் பொரித்த முட்டைகளால் அளத்தலே பொருந்தும்.