கிறிஸ்துமஸ் லீவில் ஏரலுக்குப் போனோம்

(நம் குடியிருப்பில் 26.1.2024 அன்று நடந்த குடியரசு தின விழாவில் பி பிளாக் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்)

கொடி ஏற்றியாகிவிட்டது, பொங்கல் வாசனையும் வந்துவிட்டது. இந்த நேரத்தில் மைக்கைப் பிடிப்பது பாவம் என்று எனக்குத் தெரியும். "கிறிஸ்துமஸ் லீவுக்குக் காரில் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டு வந்தீர்களே, அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் சார் கேட்டார். பேசுகிறேன். ஆனால் நடுவில் உங்களிடம் ஒரு கணக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் அப்பாவின் தங்கை, என் அத்தை, ஏரலில் இருக்கிறார். ஏரல் தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஊர். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி வரும் ஆறு ஏரல், முக்காணி வழியாகப் போய்ப் புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. சேர்மன் அருணாசல சுவாமி கோயில் என்றால் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். சுற்றியிருக்கிற கிராமங்களுக்கெல்லாம் ஏரல்தான் கடைத்தெரு. கல்யாணத்துக்குச் சீர்ப்பாத்திரம், துணி, மளிகை எல்லாவற்றுக்கும் அங்கேதான் வருவார்கள். மாமா அந்தத் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அத்தை வாக்கப்பட்டது கிறிஸ்தவக் குடும்பம். அந்தப் பக்கம் இது புதிதில்லை, ஒரே சொந்தத்தில் பாதிப் பேர் கோயிலுக்கும் பாதிப் பேர் சர்ச்சுக்கும் போவார்கள். அதனால் எங்கள் வீட்டில் பொங்கல் எப்படியோ, அப்படித்தான் அத்தை வீட்டுக் கிறிஸ்துமஸும். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, மத்தியானம் பிரியாணி என்று நாற்பது வருஷமாகச் சாப்பிட்டு வருகிறேன்.

டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயலில் நாம் எப்படி இருந்தோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கீழே மோட்டார் ரூம் மூழ்கி, மூன்று நாள் தண்ணீர் இல்லாமல், லிஃப்ட் இல்லாமல், ஆளுக்கொரு பக்கெட்டோடு நின்றோம். அப்போது அத்தை போன் பண்ணினார். "ஏளா, அங்க தண்ணியில கெடந்து ஏன் சாவுதீக? எல்லாரும் கெளம்பி இங்க வாங்க. இங்க மழையே காணோம்" என்றார். "கிறிஸ்துமஸுக்கு வரத்தானே போறோம் அத்தை" என்றேன்.

பதிமூன்று நாள் கழித்து, டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, அங்கே மழை ஆரம்பித்தது. மறுநாள் காலை வரைக்குமான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்திருந்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. 2015-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்ததற்குத்தான் நாம் இன்னும் பயந்துகொண்டிருக்கிறோம். தூத்துக்குடி மாவட்டம் மழைக்கு ஏங்குகிற மாவட்டம். காயல்பட்டினத்தில் அந்த ஒரு நாளில் விழுந்தது அங்கே ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்.

அணையைத் திறந்துவிட்டதால்தான் வெள்ளம் என்று நானும் முதலில் நினைத்தேன். மாமா சொன்னது வேறு. மலையில் பெய்கிற மழையைப் பாபநாசம் அணையும் மணிமுத்தாறு அணையும் ஓரளவு பிடித்துவைக்கும். இந்தத் தடவை மலையிலும் பெய்தது, அணைகளுக்குக் கீழே சமவெளியிலும் கொட்டியது. சமவெளியில் விழுந்த மழையை எந்த அணை பிடிக்கும்? குளம் குளமாக உடைந்தது. தூத்துக்குடி ஊருக்குள் தண்ணீர் போனதற்குக் கோரம்பள்ளம் குளம் உடைந்தது ஒரு முக்கியக் காரணம். ஆற்றில் மட்டும் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. அதன் பாதையில் ஏரல் இருந்தது.

17-ம் தேதி ராத்திரி எட்டரை மணிக்கு அத்தை கடைசியாகப் பேசினார். அப்புறம் போன் இல்லை. 18, 19 இரண்டு நாளும் டிவியில் அந்த ரயிலைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்கு வரும் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றுபோனது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள்தான் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். நாங்கள் எப்போதும் போகிற ரயில் அது. அப்பாவுக்கு 76 வயது. அந்த இரண்டு நாளும் அவர் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தார், ஒன்றும் பேசவில்லை.

என் தப்பு நடந்தது இந்த நேரத்தில்தான். 19-ம் தேதி காலையில் நம் வாட்ஸாப் குரூப்பில் நான் போட்ட மெசேஜ் உங்களுக்கு நினைவிருக்கும். "ஏரலுக்கு உதவி தேவை. உடைகள், பிஸ்கட், பிரெட் கொடுக்க விரும்புகிறவர்கள் பி பிளாக் லாபியில் வைக்கவும்." அங்கே யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்க வழியில்லை என்பது உண்மைதான், ஆனால் வழி கிடைக்கும் வரைக்கும் நான் காத்திருக்கவும் இல்லை. நீங்கள் தாராளமாகக் கொடுத்தீர்கள். ஒரே நாளில் 14 மூட்டை. ரூ.38,500 பணம்.

20-ம் தேதி மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து அத்தை பேசினார். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், மாடியில் ஏழு குடும்பம் இருந்தோம் என்றார். அப்பா போனை வாங்கி "நாங்க வாரோம்" என்றதும், "வராதீக அண்ணே, படுக்க இடமில்ல, குடிக்கத் தண்ணி இல்ல. வந்தா உங்களையும் சேத்துப் பாக்கணும்" என்றார். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வெள்ளம் வடிந்த வீட்டுக்கு விருந்தாளி வருவது எவ்வளவு பெரிய பாரம் என்று, மிக்ஜாமுக்கு மறுநாள் "பார்க்க வருகிறோம்" என்று சொந்தக்காரர்கள் போன் பண்ணியபோது நமக்கே தெரிந்ததுதானே.

மறுநாள் அத்தை மகன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அதை உங்களுக்காக எழுதிவைத்திருக்கிறேன். "துணி கொண்டுவராதீங்க. சாப்பாடு வருது, பிரெட் வேண்டாம். தரை தள்ளுற வைப்பர், தென்னந்துடைப்பம், மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர், ரப்பர் கையுறை. பாய், போர்வை, எல்லாம் புதுசா. உள்ளாடை புதுசா, பல சைஸ்ல. நாப்கின். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, சீட்டு அனுப்புதேன். கொசுவத்தி. சின்னப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புக்கு." நான் லாபிக்குப் போய் அந்த 14 மூட்டைகளைப் பார்த்தேன். இந்தப் பட்டியலில் உள்ள ஒரு பொருள்கூட அதில் இல்லை. மேலே கிடந்தது ஒரு ஜரிகைப் பாவாடை, அதற்கடியில் ஒரு கோட்டு.

ரயில் ஓடவில்லை, தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியே அடித்துக்கொண்டு போயிருந்தது. 23-ம் தேதி விடிகாலை நாலு மணிக்குக் காரில் கிளம்பினோம். என் வீட்டுக்காரர், நான், இரண்டு பிள்ளைகள், அப்பா. தூத்துக்குடியில் அறை போட்டுக்கொண்டு, பகலில் மட்டும் ஏரலுக்குப் போவது, சாப்பாடும் குடிதண்ணீரும் நாமே கொண்டுபோவது என்று அத்தையிடம் சொல்லித்தான் சம்மதம் வாங்கினோம். 14 மூட்டையில் மூன்றைத்தான் ஏற்றினோம். உங்கள் பணத்துக்கு மதுரையில் பட்டியல்படி வாங்கி மேலே கேரியரில் கட்டினோம். தூத்துக்குடியில் கடைகள் இருக்கிற நிலைமையில் அங்கே போய் வாங்குவது நியாயமில்லை என்று தோன்றியது. பில்களும் கணக்கும் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். மீதம் ரூ.640, சங்கத்தில் கட்டிவிட்டேன்.

மதுரை வரைக்கும் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. எட்டயபுரம் தாண்டிய பிறகு இரண்டு பக்கமும் காடு முழுக்கத் தண்ணீர் நின்றது. தூத்துக்குடியில் சில தெருக்களில் அன்றைக்கும் முழங்கால் அளவு தண்ணீர். லாட்ஜில் வேறு மாவட்டங்களிலிருந்து வந்திருந்த மின்வாரிய ஊழியர்கள் வராந்தாவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை சாயர்புரம் வழியாக ஏரல். போப் ஐயர் 1840-களில் பள்ளி நடத்திய சாயர்புரம்தான். பிள்ளைகளுக்கு அதையும் சிவகளையையும் காட்ட வேண்டும் என்பது நவம்பரில் போட்ட திட்டம். சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமிக்கு வயது 3,000 வருஷத்துக்கு மேல் என்று 2021-ல் அறிவித்தார்களே, அந்த இடம். இப்போது யாருக்கும் அந்த ஞாபகமே வரவில்லை. வாழைத்தோட்டங்கள் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. ஏரலில் இருந்து குரும்பூர்ப் பக்கம் போகிற பாலத்தில், பாலம் நிற்கிறது, அதில் ஏறுகிற இணைப்புச் சாலையை ஆறு அறுத்துக்கொண்டு போயிருந்தது.

கடைத்தெருவுக்குள் நுழைகிற இடத்தில், ரோட்டோரமாக ஒரு குவியல் கிடந்தது. சேறு படிந்த பழைய துணிகள், என் இடுப்பு உயரத்துக்கு. எந்தெந்த ஊரிலிருந்தோ லாரியில் வந்தவை. யாரும் எடுக்கவில்லை. எடுத்துத்தான் என்ன செய்வார்கள்? துவைக்கத் தண்ணீர் இல்லை, வைக்க இடம் இல்லை. நாங்கள் கொண்டுபோன மூன்று மூட்டைகளையும் நான் டிக்கியிலிருந்து இறக்கவே இல்லை. திரும்பக் கொண்டுவந்தேன்.

அத்தை வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் தலைக்கு மேலே இருந்தது. "தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல வாசப்படி வரைக்கும்தான் வந்துச்சு. அதை நம்பித்தான் இருந்தோம்" என்றார் மாமா. சேறு என்றால் நம் ஊர்ச் சாக்கடைச் சேறு மாதிரி இல்லை. ஆற்று வண்டல், மாவு மாதிரி. ஈரமாக இருக்கும்போது தள்ளினால் போய்விடும், காய்ந்துவிட்டால் மண்வெட்டியால் செதுக்க வேண்டும். அதனால்தான் வைப்பரைப் பட்டியலில் முதலில் சொல்லியிருக்கிறார்கள்.

கடையில் மிக்ஸியும் கிரைண்டரும் போனது போனதுதான். எவர்சில்வர் பாத்திரம் தண்ணீரில் கெடாது, ஆனால் ஒவ்வொன்றின் உள்ளேயும் வண்டல். என் பையனும் பொண்ணும் இரண்டு நாள் உட்கார்ந்து டம்ளர் கழுவினார்கள். 1,100 வரைக்கும் எண்ணியதாகப் பொண்ணு சொல்கிறாள், பையன் ஒத்துக்கொள்ளவில்லை.

மாமா துக்கப்பட்டது சரக்குக்கு இல்லை, கடன் நோட்டுக்கு. கிராமத்துக் கடை. நெல் அறுத்ததும் தருகிறேன், வாழைத்தார் வெட்டியதும் தருகிறேன் என்று வாங்கிப் போவார்கள். அந்த நோட்டு கல்லாவுக்குக் கீழே இருந்தது. ஊறிக் கூழாகி, பக்கத்தைப் பிரித்தால் கையோடு வந்தது. என் அப்பா கருவூலத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சேறு தள்ள அவரை யாரும் விடவில்லை. பிள்ளைகளுக்காகக் கொண்டுபோன நோட்டில் ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக் சேரைக் கடை வாசலில் போட்டு உட்கார்ந்து, "மாப்பிள்ளை, ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க, எழுதுதேன்" என்றார். மாமா கழுவிக்கொண்டே சொன்னார். "உமரிக்காட்டுப் பெரியவர், மக கல்யாணத்துக்கு வாங்கினது, நாலாயிரத்து எண்ணூறு. ரெண்டாயிரம் தந்துட்டார் மச்சான். வாழவல்லான் டீச்சர், குக்கர் ஒண்ணு." சாயங்காலத்துக்குள் 43 பேர் எழுதியாகிவிட்டது. சிலருக்குத் தொகை ஞாபகம் வரவில்லை, அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னார். "அவுக தோட்டமும்தான் போச்சு. இப்பப் போயி கேக்க முடியாது. எழுதி இருந்தா போதும்" என்றார்.

அன்று ராத்திரி தூத்துக்குடிக்குத் திரும்பவில்லை. மறுநாள் விடிகாலை ஆராதனைக்கு அத்தை போக வேண்டும் என்றார். பெஞ்சுகளை வெளியே காயப்போட்டிருந்ததால் தரையில் நாம் கொண்டுபோன பாயை விரித்து உட்கார்ந்தார்கள். கரண்ட் இல்லை, மெழுகுவத்திதான். பாட்டு வழக்கம்போல இருந்தது. முடிந்து வந்ததும் மொட்டைமாடியில் அடுப்பு மூட்டி, ஏழு வீட்டுக்கும் சேர்த்துச் சோறும் பருப்பும். பிரியாணி இல்லாத கிறிஸ்துமஸ் என்று என் பையன் முணுமுணுத்தான். அத்தை கேட்டுவிட்டு, "அடுத்த வருசம் ரெண்டு தட்டு தின்னுலே" என்றார்.

அரசு அறிவித்த ரூ.6,000 ரேஷன் கடையில் கிடைத்தது. ஸ்மார்ட் கார்டு பிளாஸ்டிக் என்பதால் பிழைத்தது. பிள்ளைகளின் மார்க் ஷீட், வீட்டுப் பத்திரம் எல்லாம் போனது. பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம், மற்றவற்றுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள். தரைத்தளத்தில் இருக்கிறவர்கள் தயவுசெய்து உங்கள் பேப்பர்களை மேலே யார் வீட்டிலாவது கொடுத்துவையுங்கள். என் வீடு மூன்றாவது மாடி, அலமாரியில் ஒரு தட்டு காலியாக இருக்கிறது.

கடை பொங்கலுக்கு முதல் நாள் திறந்தது. 43 பேரில் இதுவரை 11 பேர் தாங்களாகவே வந்து கொஞ்சம் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள். நோட்டில் இல்லாத இரண்டு பேரும் வந்து கொடுத்தார்களாம்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நம் மோட்டார் ரூமும் எப்போது வேண்டுமானாலும் மூழ்கும். அந்தப் பட்டியலில் உள்ள வைப்பர், மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர், கையுறை ஆகியவற்றைப் பத்துப் பத்து வாங்கி முதல் மாடியில் வைக்கலாம். செலவு பெரிதாக வராது.

கடைசியாக, திரும்ப வந்த மூன்றும் போகாத பதினொன்றும் சேர்த்து 14 மூட்டைகள் ஜெனரேட்டர் ரூம் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன. வாட்ச்மேன் அண்ணன் இரண்டு தடவை கேட்டுவிட்டார். அவரவர் மூட்டையை அடையாளம் பார்த்து இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டு யாருடையது என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.