வட்டிக் கணக்கு

மட்டக்களப்பு வாவிக்கரையோரத்து நாவற்குடாவிலிருந்து ஒரு மாணவி, பல்கலைக்கழக விடுமுறையில் கொழும்பு சென்று இலங்கை மத்திய வங்கியிலே பயிற்சி பெறுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1950இல் தொடங்கிய அவ்வங்கி நாணயம் வெளியிடுவதை யாவரும் அறிவர். நிதிக் கம்பனிகளை மேற்பார்வை செய்வதைப் பலர் அறியார்.

அவள் அங்கே கற்பது வட்டிக் கணக்கு. பத்தாயிரம் ரூபாய்க் கடன், மாதம் நூற்றுக்கு இரண்டு, பன்னிரண்டு தவணை. கேட்பதற்கு ஆண்டுக்கு 24 வீதந்தான். முதல் மாதந்தோறும் குறைய, வட்டியோ முழுத்தொகைக்கே அறவிடப்படுவதால், உண்மை வீதம் 40ஐத் தாண்டிவிடுகிறது! ஒருவருக்கொருவர் பிணைநின்று குழுவாகக் கடன் பெற்ற மட்டக்களப்புப் பெண்கள் பலர் வாராந்தத் தவணைக்குத் தவித்தது இந்தக் கணக்கினாலேதான்.

2018 டிசெம்பரில் மத்திய வங்கி, நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு ஆண்டு வட்டி 35 வீதத்தை மீறலாகாது என விதித்தது. அனுமதிப்பத்திரமின்றிக் கடன் கொடுப்போரை அவ்விதி கட்டுப்படுத்தவில்லை.

ஆகவே, ஊர் திரும்பியவளிடம் அயல்வீட்டு மாமி தவணைப் புத்தகத்தை நீட்டினால், “மாமி, இந்தக் கம்பனிக்கு அனுமதிப்பத்திரம் உண்டா?” என்றே அவள் முதலிற் கேட்பாள். பென்சிலை எடுப்பது அதன் பின்னர்தான்.