அடுக்களைத் தமிழும் அரைமணிச் சமையலும்



சோற்றையும் சாற்றையும் பற்றி ஒரு மேடையுரையா என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். மொழிக்காப்பு என்றால் ஏட்டையும் எழுத்தையும் பற்றியதே என்னும் எண்ணம் பலர்க்கு உண்டு. ஆனால், பேசத் தொடங்கும் குழந்தையின் நாவில் முதலிற் படிவன பாலும் சோறும் பருப்பும் அல்லவா? அச்சொற்களை அதற்கு ஊட்டுவது அடுக்களை. அந்த அடுக்களையில் இன்று இரண்டு முடைகள் ஒருங்கே நேர்ந்துள்ளன. ஒன்று நேரமுடை, மற்றொன்று சொன்முடை. இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்த்துவருகின்றன என்பதே ஈண்டு எடுத்துரைக்கப்படும் செய்தி.

முதற்கண் நேரமுடை. திருவில்லிப்புத்தூரிலிருந்து இராசபாளையம் செல்லும் பெருவழியில் அமைந்தது வன்னியம்பட்டி. மேற்கே தொடர்மலை, அதன் அடிவாரத்தில் கண்மாய்ப் பாய்ச்சலில் நெல்லும், தோப்புகளில் தென்னையும் மாவும், கிழக்கே செல்லச் செல்லக் கரிசல், அங்கே கம்பும் சோளமும் பருத்தியும். உழவே தொழிலாயிருந்த நாளில் அடுப்பு, ஞாயிற்றின் கணக்கில் எரிந்தது. 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி இராசா இராசபாளையத்தில் நூலாலை நிறுவினார். பின்னர் ஆலைகள் பல எழுந்தன. அண்மையிலுள்ள சத்திரப்பட்டியில் புண்கட்டும் துணி நெய்யும் தறிகள் பெருகின. அடுப்பும் ஆலையின் கணக்குக்கு வந்துசேர்ந்தது. காலை முறைக்குச் செல்லும் பெண், பொழுது புலருமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, பிள்ளைகட்குக் காலையுணவும் நண்பகற் சோறும் ஆக்கி, தனக்கும் தூக்கில் அடைத்துக்கொண்டு வண்டியைப் பிடிக்க வேண்டும். அடுப்புக்கென அவள் கையில் எஞ்சுவது அரைமணி. கூடிப்போனால் முக்கால் மணி. தான் ஒரு வாய் உண்ணாமலே புறப்படும் நாள்களும் பல. 2019–21-இல் நடந்த குடும்பநல அளவீடு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்டிருள் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையர் எனக் காட்டியது. நேரமுடை என்பது வெறும் அலுப்புப் பேச்சன்று.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாட்டொன்று உண்டு. புதிதாய் இல்லறம் ஏற்ற பெண் தன் கையாலேயே தயிரைப் பிசைந்து புளிக்குழம்பு ஆக்குகிறாள். தாளிப்புப் புகை அவள் கண்ணிற் படிகிறது. கணவன் இனிதென்று உண்கிறான்; அவள் முகம் மெல்ல மலர்கிறது. அந்த ‘இனிது’ என்னும் ஒரு சொல்லைப் பாராட்டாத புலவர் இல்லை. அந்தக் கண்ணிற் படிந்த புகையைப் பற்றிப் பேசினோர் எத்தனை பேர்? திருமண வீட்டில் ஆயிரம் பேருக்கு ஆக்கிப்போடும் ஆடவரின் கைவண்ணத்தைப் போற்றும் ஊர், தன் வீட்டு அடுப்பில் கணவன் ஒரு சாறு வைத்தால் நகைக்கிறது. ஆகலின், இனிச் சொல்லப்படுவன தாய்மார்க்கு மட்டுமே என்று கருதி ஆடவர் எழுந்து செல்லற்க!

இந்த அரைமணி முடைக்கு அங்காடி தரும் விடை பொட்டலம். 1958-இல் சப்பானில் மோமோபுக்கு ஆண்டோ என்பார், பொரித்து உலர்த்திய மாவிழையை வெந்நீரில் நனைத்தாலே உண்ணலாம் எனக் கண்டார். போருக்குப் பின் தம் மக்கள் பட்ட உணவுமுடையை எண்ணி அவர் செய்த முயற்சி பழிக்கத்தக்கதன்று. ஆனால், அதன் உள்ளீடு யாது? முன்னரே வேகவைத்து, நீரை நீக்கி, வேண்டும்போது நீரைச் சேர்த்தல், அவ்வளவே. இது தமிழ்ப் பெண்டிர்க்குப் புதிதா? நெல்லை ஊறவைத்து, வறுத்து, உலக்கையால் இடித்துத் தட்டையாக்கினால் அவல். பாசவல் இடித்த உலக்கை சங்கப் பாட்டிலேயே வருகிறது. அவலை நனைக்க வெந்நீர்கூட வேண்டா. தண்ணீரில் அலசிப் பிழிந்து, தேங்காய்த் துருவலும் வெல்லமும் சேர்த்தால் காலையுணவு ஆயிற்று. வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துக் கிளறினால் ஐந்து மணித்துளியில் மற்றொன்று ஆயிற்று. ஆயினும் அவலைப் பழையதென ஒதுக்கி, மாவிழையைப் புதிதென வாங்குகின்றனர்!

இனிச் சொன்முடை. துவையல் என்னும் சொல்லைக் கேட்டாலே செய்முறை விளங்கும். துவைத்தெடுப்பது துவையல், அவித்தது அவியல், வறுத்தது வறுவல், மசித்தது மசியல், கடைந்தது கடைசல், நீர் வற்றக் காய்ந்தது வற்றல். இவை வெறும் பெயர்கள் அல்ல. ஒவ்வொரு சொல்லிலும் ஒரு சமையற் குறிப்பு அடங்கிக் கிடக்கிறது. சிறிதளவு எண்ணெயில் ஈரம் சுண்ட வாட்டுவது வதக்கல். எண்ணெயின்றிச் சிவக்கவிடுவது வறுத்தல். நிறைந்த எண்ணெயில் மொறுகவிடுவது பொரித்தல். (இன்று பொரியல் எனப் பரிமாறப்படுவதிற் பெரும்பகுதி வதக்கலே; அஃது இருக்கட்டும்.) ‘சட்னி’ என்னும் வடவர் சொல் நக்குதற் பொருளுடைய வேரிற் பிறந்தது. அதை எப்படிச் செய்வதென்று தமிழ்க் குழந்தைக்கு அது சொல்லாது. ‘இரசம்’ சொல்லாததை ‘மிளகுச்சாறு’ சொல்லிவிடுகிறது.

பொட்டலம் நுழைந்த வீட்டில் இவ்வினைகளே முதலில் ஓய்கின்றன. பிரி, கொட்டு, கிளறு என மூன்று ஏவல்களே எஞ்சுகின்றன. வினை போனபின் சொல் போகிறது. சொல் போனபின், மகனுக்கும் மகளுக்கும் அவ்வினையைக் கற்றுத்தர வாய் இல்லை. கற்றுத்தரப்படாத பிள்ளை வளர்ந்து தனிக்குடும்பம் நடத்தும்போது, அரைமணியில் ஆக்கக்கூடியதையும் ஆக்கத் தெரியாது மீண்டும் பொட்டலத்தையே நாடுகிறது. நேரமுடை சொன்முடையைப் பெற்றது. சொன்முடை நேரமுடையைப் பெருக்கியது.

கரிசல் மக்களின் வாயில் இன்னும் எத்தனையோ சொற்கள் உயிரோடு உள்ளன. கொள்ளைக் காணம் என்பர். கேழ்வரகைக் கேப்பை என்பர். கொத்தவரையைச் சீனியவரை என்பர். கோடையில் மிதுக்கு வற்றல் போடுவர். கி. இராசநாராயணன் 1982-இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதி, இத்தகைய பேச்சு வழக்கை ஏட்டிலேற்றிய பெருமுயற்சி. தொடுகறியை இப்பக்கத்தார் ‘வெஞ்சனம்’ என்பர். அது வடசொல்லின் சிதைவு. ஆயினும், தொடுகறி என்னும் நற்றமிழ்ச் சொல்லைச் சொல்லும்போதே, தொட்டுக்கொள்ளும் அளவே அது; வயிற்றை நிறைப்பது சோறே என்னும் அளவுமுறையும் அதில் வெளிப்படுகிறது. மொழிஞாயிறு பாவாணர் இளமையில் ஆசிரியப் பணியாற்றிய முறம்பு இராசபாளையத்தை அடுத்ததே. 1974-இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராயிருந்து, 1981-இல் மறைந்த அப்பெருமகனாரின் வழியில் வேர்ச்சொல் தேடுவோர், அம்மியின் அருகிலும் சிறிது அமர்தல் நன்று.

புதுப்பொருள் வந்தால் புதுப்பெயரும் பிறமொழியிலிருந்தே வரவேண்டும் என்பதும் பொய். மிளகாய் அமெரிக்க மண்ணிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழி வந்தது. தமிழர் அதன் உறைப்பைக் கண்டு, மிளகின் பெயரால் மிளகாய் என்றனர். உருளும் வடிவு கண்டு உருளைக்கிழங்கு என்றனர். மறுதலையாக, ஆங்கிலேயரே மிளகுத்தண்ணீரைத் தம் வாய்க்கேற்பத் திரித்து ‘மல்லிகட்டானி’ என்றனர். கஞ்சியையும் கறியையும் கடன்கொண்டனர்.

இனி அடுப்படிக்கு வருக. அரைமணி என்பது அடுப்பின்முன் நிற்கும் நேரமே. எஞ்சிய வேலையை வெயிலும் இரவும் கல்லும் முன்னரே செய்து வைத்திருக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயில் செய்வது வற்றல், வடகம், மோர்மிளகாய். இரவு செய்வது ஊறலும் புளிப்பும். மாலையில் ஊறவைத்த பயறு காலையில் விரைந்து வேகும், எரிபொருளும் மிஞ்சும். கல் செய்வது மாவு. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என ஒருமுறை ஆட்டினால், முதல்நாள் இட்டிலி, அடுத்து தோசை, புளிப்பு மிகுந்தபின் பணியாரம் என மூன்று நாளுக்குக் காலைக்கவலை இல்லை. கோவையில் உருவான மாவாட்டும் பொறி, கல்லைத் தள்ளிவிடாது கைவலியை மட்டும் தள்ளியது. புதுமை என்பது அவ்வாறன்றோ இருக்க வேண்டும்!

வீட்டில் எப்போதும் இருக்க வேண்டியவை சிலவே: குழம்புத்தூள், புளி, வற்றல், நல்லெண்ணெய், பருப்பு, பூண்டு. குழம்புத்தூளுக்கு மல்லி, மிளகாய் வற்றல், மிளகு, சீரகம், சிறிது துவரம்பருப்பு ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்துத் திரிக்க. ஒரு திங்களுக்கு மேற்பட்ட அளவு வேண்டா, மணம் போய்விடும்.

வேலையை அடுக்கும் முறையே விரைவைத் தரும். முதலில் அரிசியும் பருப்பும் அடுப்பேற வேண்டும். திறந்த கலத்தில் கொதிநீர் 100 பாகைக்கு மேற் சூடேறாது. மக்கள் ‘குக்கர்’ என்னும் அழுத்தக் கலத்தில் ஏறத்தாழ 120 பாகை வரை ஏறும். 1679-இலேயே தெனி பப்பேன் என்னும் பிரெஞ்சு அறிவியலார் கண்ட நுட்பம் அது. அரிசி வேகும் அந்த நேரத்திற்குள் வற்றற்குழம்பு முடியும். எலுமிச்சையளவு புளியை முன்னரே ஊறவைத்துக் கரைத்துக்கொள்க. நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளித்து, சுண்டை வற்றலோ மிதுக்கு வற்றலோ சிவக்க வறுத்து, சிறு வெங்காயமும் பூண்டும் வதக்கி, தூளும் உப்பும் இட்டுப் புளிநீரை ஊற்றுக. எண்ணெய் பிரிந்து மேலெழும்போது இறக்குக. புளிப்பும் உப்பும் எண்ணெயும் காப்பதால் அது மறுநாளும் கெடாது. ஒருநாள் உழைப்பு இருநாட்குப் பயன்படும்.

குழம்புக்கும் நேரமில்லையா? துவரம்பருப்பை இரு மிளகாய் வற்றலோடு சிவக்க வறுத்து, பூண்டும் உப்பும் சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் பருப்புத் துவையல். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டு அதைப் பிசைந்து, உடன் மிளகுச்சாறும் இருந்தால் போதும். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் புளிநீரிலிட்டு, நுரை கட்டியவுடன் இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் மணம் கெடும். பலர் கைத்தவறு இங்கேதான். முருங்கைக் கீரைக்கு நான்கைந்து மணித்துளி வேக்காடு போதும். கீரையிலுள்ள இரும்பூட்டம் உடலிற் சேர, நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடன் கொள்க. உண்டவுடன் தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும். குருதிச்சோகை உள்ள பெண்டிர் இதனை நினைவிற் கொள்க.

காலையில் அடுப்பே மூட்டாத உணவும் உண்டு. இடித்த கம்பை மாலையில் வேகவைத்துக் களியாக்கி, உருண்டை பிடித்து நீரில் இட்டுவைத்தால், காலையில் மோர்விட்டுக் கரைத்து, உப்பும் சிறு வெங்காயமும் சேர்த்துக் குடிக்கலாம். கம்பில் இரும்பூட்டம் அரிசியினும் பன்மடங்கு. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. 2023-ஆம் ஆண்டைச் சிறுதவசங்களின் ஆண்டென ஒன்றிய நாடுகள் மன்றம் அறிவித்தது. அதன்பின் நகரத்துக் கடைகளில் கம்பு அழகிய உறையில், அயற்பெயரில், உயர்ந்த விலையில் வந்தது. வன்னியம்பட்டிப் பக்கத்துப் பாட்டிமார் அதைக் கம்மங்கஞ்சி என்பர்.

பிள்ளைகள் பசித்த வயிற்றோடு பள்ளி செல்லும் துயரை அரசும் உணர்ந்து, 2022 செப்டம்பரில் மதுரையில் காலையுணவுத் திட்டத்தைத் தொடங்கியது. உப்புமா, பொங்கல், கிச்சடி என விரைந்து ஆக்கும் உணவுகளே அங்கும் இடம்பெற்றன. உப்புமாவை ஏளனஞ் செய்வோர் இதனை உன்னுக.

இறுதியாகப் பழஞ்சோறு. ஆறிய சோற்றில் அன்றிரவே, சோறு மூழ்க நீர் ஊற்றி, மட்கலத்தில் மூடிவைக்க வேண்டும். நெடுநேரம் வெறுமனே கிடந்த சோற்றில் பின்னர் நீர் ஊற்றுவது தீது. வயிற்றைக் கெடுக்கும் நுண்ணுயிர் அதற்குள் பெருகிவிடும். விடியும்போது இளம்புளிப்பு ஏறியிருக்கும். மோரும் உப்பும் சேர்த்து, மோர்மிளகாயோடும் காணத் துவையலோடும் உண்க. கோடையில் காலை எட்டுமணிக்குமேல் வைத்திருக்க வேண்டா. பருக்கை நூலிழுத்தாலோ நீர் வழுவழுத்தாலோ எண்ணிப்பாராது கொட்டிவிட்டு, மட்கலத்தை வெந்நீரிற் கழுவி வெயிலில் கவிழ்த்துவைக்க.