கப்பல் தலைவன் யார்?

சுவிட்சர்லாந்தில் சிறுவர்களுக்கு ஒரு கடல் பயண விளையாட்டைக் கொடுத்து, இரண்டு பேரின் படங்களைக் காட்டினார்கள். "இவர்களில் யார் உன் கப்பலுக்குத் தலைவன்?" என்பது கேள்வி. படத்தில் இருந்தவர்கள் பிரான்ஸ் நாடாளுமன்றத் தேர்தலில் எதிரெதிராக நின்றவர்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஆனாலும் ஏறக்குறைய பத்துக்கு ஏழு முறை, அவர்கள் கைகாட்டியவரே அந்தத் தேர்தலில் வென்றிருந்தார்! 2009-இல் வெளிவந்த ஆய்வு இது.

2005-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் செனட் வேட்பாளர்களின் படங்களைப் பெரியவர்களிடம் காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்டார்கள். ஒரு நொடிப் பார்வைதான். அங்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு.

எல்லாரும் முகம் பார்த்துத்தான் வாக்களிக்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. அரசியல் விவரம் அதிகம் அறியாமல், தொலைக்காட்சியை மட்டும் நிறையப் பார்ப்பவர்களிடம்தான் தோற்றத்தின் பிடி இறுக்கமாக இருக்கிறது என்று பிறகு வந்த ஓர் ஆய்வு சொன்னது. எனக்குக் கவலை தருவது இதுதான். ஒருவர் என்ன செய்தார் என்பது தெரியாத இடத்தில், அவருடைய முகமே சான்றிதழ் ஆகிவிடுகிறது.

நம் நாட்டில் 2015 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் படமும் இருக்கிறது. ஒரே பெயரில் பலர் நிற்கும்போது குழப்பம் வரக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். அதே வேட்பாளர் தம் சொத்து, கல்வி, தம் மீதுள்ள குற்ற வழக்குகள் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கலாம்.