ரூபாய்க்கு எத்தனை ரூபாய்?

(இண்டூரில் நடந்த நம் பழைய மாணவர் கூடலில் பேசியது)



நான் பொருளாதாரம் படித்தவன் என்பதால் எங்கே போனாலும் "டாலர் எவ்வளவு போகும் சார்?" என்றுதான் கேட்கிறார்கள். இன்றைக்கு டாலரை விட்டுவிடுவோம். இந்திய ரூபாய்க்கும் இலங்கை ரூபாய்க்கும் நடந்த கணக்கைச் சொல்றேன். இண்டூருக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். அதுக்கு முன்னால் நாமெல்லாம் சேலம் ஜில்லா. திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணி பின்னால் போய், கண்டிச் சீமையில் காப்பித் தோட்டத்திலும் பிறகு தேயிலைத் தோட்டத்திலும் கூலிக்கு நின்றவர்கள் ஏராளம்.

அவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பின காலத்தில் மாற்று விகிதம் என்கிற பேச்சே கிடையாது. நம் வெள்ளி ரூபாய்தான் அங்கேயும் ரூபாய். 1872-லேயே அவர்கள் ரூபாயை நூறு சதமாகப் பிரித்துக்கொண்டார்கள்; நாம் 1957 வரை அணாவையும் பைசாவையும் கட்டி அழுதோம். வித்தியாசம் அவ்வளவுதான். 1950-ல் இலங்கை மத்திய வங்கி வந்தது. அப்போதும் ரூபாய்க்கு ரூபாய். இங்கேயும் அங்கேயும் டாலர் 4 ரூபாய் 76 காசு.

முதல் இடி 1966 ஜூன் 6. இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்து டாலரை 7.50 ஆக்கியது. இலங்கை அசையவில்லை. ஒரே நாளில் அவர்களுடைய 100 ரூபாய் நம்முடைய 157 ரூபாய் 50 காசு ஆகிவிட்டது. அடுத்த வருஷம் நவம்பரில் பிரிட்டன் பவுனை இறக்கியது. இலங்கையின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் தேயிலை, அதுக்குப் பெரிய சந்தை லண்டன், பக்கத்திலேயே போட்டிக்கு நம் தேயிலை. விடுவார்களா? அவர்களும் 20 சதவீதம் இறக்கினார்கள். 157 ரூபாய் 126-க்கு வந்தது.

இதெல்லாம் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோகிற எண்கள் என்று நினைக்கலாம். ஆனால் இதே சமயத்தில்தான் 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இருக்கிறது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவு. (1974-ல் அந்த ஒன்றரை லட்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுச் சந்தையில்கூட இப்படிப் பிரிக்க மாட்டார்கள்.) போகிறவர்கள் சேமலாப நிதி உள்பட தங்கள் சொத்தைக் கொண்டுபோகலாம், ஒரு குடும்பத்துக்கு அனுமதிக்கும் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக்கூடாது என்றும் அதில் எழுதினார்கள். 4,000 என்று எழுதினவர்கள், அதை எந்த விகிதத்தில் மாற்றுவது என்பதை நாளுக்கு விட்டுவிட்டார்கள்.

கல்லூரிக் காலத்தில் எங்கள் தெருவில் 'சிலோன்காரர் வீடு' என்று ஒன்று இருந்தது. பெரியவர் 1967 ஆடியில் வந்தவர். அவர் தம்பிக்கு அங்கே காகிதம் தள்ளிக்கொண்டே போய், 1978-ல்தான் ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினார். தம்பிக்கு உழைத்த வருஷம் அதிகம்; சேமலாப நிதியும் அண்ணனுக்கு இருந்ததைப்போல இரண்டு பங்கு. ஆனால் இங்கே மாற்றி வாங்கியபோது அண்ணனைவிடக் குறைவு. "தம்பி, நீ காலேஜ் படிக்கிறியே, எங்க பணத்தை வழியில யாரு எடுத்தது?" என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

யாரும் எடுக்கவில்லை. 1977-ல் ஜெயவர்தனா அரசு வந்து சந்தையைத் திறந்துவிட்டது. அந்த நவம்பரில் இலங்கை ரூபாயை டாலருக்கு 16 என்று மிதக்கவிட்டார்கள். நமக்கு அப்போது எட்டரைச் சொச்சம். அதாவது அவர்களுடைய 100 ரூபாய்க்கு நம்முடைய 54. அண்ணன் ஆயிரம் கொண்டுவந்தார் என்று வையுங்கள்: 1,575 ஆகும். தம்பியின் இரண்டாயிரமோ 1,080. அதுக்குள் இங்கே விலைவாசி வேறு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தக் காசில் அண்ணன் வாங்கின நிலத்தில் பாதிகூடத் தம்பியால் வாங்க முடியவில்லை. (1968 முதல் 1977 வரை இலங்கையில் அத்தியாவசிய இறக்குமதிக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று என இரட்டை விகிதம். அதனால் நடுவில் உள்ள அந்த வருஷங்களுக்கு ஒற்றை எண் சொல்லாமல் தாண்டுகிறேன்.)

நாணயத்தை இறக்குவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. டாலர் கையில் இல்லாத நாடு வேறென்ன செய்யும்? 1991-ல் நாமும் செய்தோம். ஆனால் ஏற்றுமதிக்காரருக்குக் கிடைத்தது என்ன என்று கணக்குப் போட்ட அளவுக்கு, கப்பலுக்குக் காத்திருந்தவருக்குப் போனது என்ன என்று யாரும் போடவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து, கையெழுத்தான நாளின் விகிதத்தையே அந்தச் சேமிப்புக்கு வைத்திருக்கலாம். அப்போது அது ரூபாய்க்கு ரூபாய். அப்படி வைத்திருந்தால் 1967-ல் வந்த அண்ணனுக்குக் கொஞ்சம் குறைந்திருக்கும், தம்பிக்கு இரண்டாயிரமும் முழுசாக வந்திருக்கும். இரண்டு அரசுக்கும் அது பெரிய தொகையில்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2022 மார்ச் தொடக்கத்தில் அங்கே டாலர் சுமார் 200 ரூபாய்; மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. பால்மாவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசை. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்பவுடரும் மருந்தும் கப்பலில் போயின. ஒரு காலத்தில் சமமாக இருந்த ரூபாயில், 2024-ல் நம்முடைய ஒன்றுக்கு அவர்களுடைய மூன்றரை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்தப் பக்கத்து ஊர்களில் தாயகம் திரும்பிய குடும்பங்கள் யார் வீட்டிலாவது பழைய குடும்ப அட்டையோ, சேமலாப நிதிச் சீட்டோ, பணம் மாற்றின ரசீதோ பெட்டியடியில் கிடந்தால் அடுத்த கூடலுக்கு எடுத்துவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம். தேதி தெரியும்படி இருந்தால் போதும், விகிதத்தை நான் போட்டுத் தருகிறேன்.