டேனியோ மீனின் இதயம்



ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் செண்பகத்தோப்பிலோ அய்யனார் கோவில் ஆற்றிலோ குளிக்கப் போகிறவர்கள், தண்ணீருக்குள் பளிச்சென்று திரும்பும் பொடிமீன்களைப் பார்த்திருப்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பெரிய டேனியோ என்றொரு மீன் உண்டு. பெயர்தான் பெரியது, ஆள் சிறிய மீன்தான். அதன் இதயத்தில் சூடு வைத்துக் காயப்படுத்தினாலும் தசை திரும்ப வளர்கிறது என்று 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

வண்ணமீன் கடைகளில் விற்கும் வரிக்குதிரை மீன் அதற்கு நெருங்கிய உறவு. 2002-இல் கென்னத் பாஸ், மார்க் கீட்டிங் குழுவினர் அதன் இதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். இரண்டே மாதத்தில் அது நிறைந்துவிட்டது.

செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் புரதச் செய்திகளே இதற்குக் காரணம். வளர்ச்சிக் காரணிகள் என்று அவற்றைச் சொல்கிறோம். காயம்பட்ட ஓரிரு நாளில், காயத்தின் அருகில் மட்டுமல்ல, இதயத்தைப் போர்த்திய மெல்லிய உறை முழுவதும் விழித்துக்கொள்கிறது. புதுத்தசை சுரக்கும் எஃப்.ஜி.எஃப். என்ற காரணி உறையின் செல்களைக் காயத்துக்குள் இழுக்கிறது. அங்கே புது ரத்தக்குழாய்கள் உருவாகின்றன. 2006-இல் இந்த ஒரு செய்தியை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். குழாய்கள் வரவில்லை, வளர்ச்சி நின்றது, தழும்புதான் மிஞ்சியது.

நியூரெகுலின் என்ற மற்றொரு காரணி, தசைச் செல்களையே பெருகச் செய்கிறது. காயமே படாத மீனில் அதைச் சுரக்க வைத்தார்கள். அப்போதும் இதயத் தசை தடித்துக்கொண்டே போனது. இந்த ஆய்வுகளில் என்னை மிகவும் வியக்க வைத்தது இதுதான்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. புணேயின் அகர்கர் ஆய்வு நிறுவனத்தில் சின்மய் பாத்ரா குழுவினர், சி.சி.என்.2.ஏ. என்ற காரணி இல்லாத மீன்களின் இதயம் சரியாக ஆறுவதில்லை என்று 2021-இல் காட்டினார்கள். அதைக் கூட்டினால் ஆறுவது நன்றாக நடக்கிறது. மனித இதயத்திலோ இதே இனக் காரணி தழும்போடு சேர்த்துப் பேசப்படுவது. அதனால்தான் இந்த முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நமக்கு இருபத்தைந்து வயதில்கூட ஆண்டுக்கு இதயத் தசைச் செல்களில் சுமார் ஒரு சதவீதம்தான் புதிதாகின்றன. மாரடைப்பில் போன தசை போனதுதான். ஆகவே நெஞ்சை அழுத்தி வலித்து வேர்த்தால், வாயுப்பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திராதீர்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. உடனே 108-ஐ அழையுங்கள், ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.